ஏழாவது கம்பியும் ஒரு பயோடேட்டாவும்

என் கல்யாண பயோடேட்டாவை மேற்குத் தாம்பரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் வைத்துத் தயாரித்தோம். அப்பா அரசு அலுவலகத்தில் கிளார்க். டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவர் என்பதால் கீபோர்டை வேறு யாரையும் தொட விடமாட்டார். அவர் அடிக்க, அம்மா பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே வந்தாள். நான் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். உயரம், நிறம், நட்சத்திரம், படிப்பு எல்லாம் முடிந்து 'இதர திறமைகள்' என்ற இடத்தில் அப்பாவின் விரல் நின்றது.

"கிடார்னு போடவா?" என்று கேட்டார்.

"வேண்டவே வேண்டாம். கிடார்னா பசங்களோட சேர்ந்து ஊர் சுத்துற பொண்ணுன்னு நினைப்பாங்க" என்றாள் அம்மா. பிறகு என் பக்கம் திரும்பினாள். "உன்னோடதுல எத்தனை கம்பிடி?"

"ஏழு."

"வீணையிலயும் ஏழுதானே? வீணைன்னே போடுங்க. அதுவும் கம்பி, இதுவும் கம்பி."

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். அந்த நேரத்தில் நான் 'வேண்டாம்ப்பா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். நான் சிரித்துத் தொலைத்தேன். அம்மா மேல் பழியைப் போட்டுவிட்டு நான் நல்ல பெண்ணாக இதை எழுதிவிடலாம், ஆனால் அந்தச் சிரிப்பு என்னுடையது. அப்பா 'வீணை, எட்டு ஆண்டுகள்' என்று அடித்தார். எட்டு ஆண்டுகள் என்பது முழுக்க முழுக்க அவருடைய சொந்தச் சரக்கு.

அந்த ஏழு கம்பி கிடார் எனக்குக் கிடைத்ததே ஃபேஷன் மாறியதால்தான். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் நான் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தேன். கல்சுரல்ஸ் மேடைகளில் அப்போது காதைக் கிழிக்கும் கனமான பாட்டுகளுக்குத்தான் மவுசு. அந்தப் பாட்டுகளுக்கு ஏழு கம்பி கிடார் வேண்டும். அது சாதாரண கிடார்தான். தோளோரமாக, எல்லாக் கம்பிகளுக்கும் மேலே, அவை எதுவும் இறங்க முடியாத கீழ் ஸ்வரத்துக்கு இறங்கி உறுமும் ஒரு தடித்த கம்பி கூடுதலாக இருக்கும். பல்லாவரத்திலிருந்து வரும் என் வகுப்புப் பையன் ஒருவன், துபாயில் இருந்த அவனுடைய மாமாவை நச்சரித்து ஒன்றை வரவழைத்தான். இரண்டு வருஷம் கல்லூரியில் அவன்தான் ராஜா. அதற்குள் பாட்டும் மாறியது, பையன்களின் தலைமுடியும் மாறியது. ராஜா கிடாரை விற்கக் கிளம்பினார்.

"கடைக்காரன் இன்னா சொல்றான் தெரியுமா? மேல கீற கம்பிய கழட்டிட்டு எடுத்துனு வா, ஆறு கம்பின்னு சொல்லி வித்துடலாம்ன்றான். ஒரே பேஜாரா கீது. நீ வாங்கிக்கிறியா?" என்று கேண்டீனில் என்னிடம் கேட்டான்.

நான் வாங்கிக்கொண்டேன். இரைச்சலுக்காக இல்லை. எனக்குக் கிடார் வாசிக்கத் தெரியும், ஆனால் கூட வாசிக்க ஆள் கிடையாது. பேண்டு என்றால் பிராக்டிஸுக்குப் போக வேண்டும். பிராக்டிஸ் என்றால் யாரோ ஒருவன் வீட்டு மொட்டை மாடி, அதுவும் விளக்கு வைத்த பிறகு. எங்கள் சேலையூர் வீட்டில் ஆறரைக்குள் பெண் உள்ளே இருக்க வேண்டும், ஆறே முக்காலுக்கு அம்மா தெருமுனையில் நிற்பாள். அதனால் நான் அறையில் தனியாகத்தான் வாசித்தேன். ஆறு கம்பிக் கிடாரைத் தனியாக வாசித்தால் பாட்டுக்கு அடியில் ஒரு வெறுமை கேட்கும். அது கீழ் ஸ்வரங்களை மட்டும் வாசிக்கும் பேஸ் கிடார்க்காரனுடைய இடம். ஏழாவது கம்பி வந்தபின் அந்த ஆளும் நானே ஆனேன். கட்டை விரல் கீழே நடக்கும், மற்ற விரல்கள் மேலே பாடும். வெளியே விடாத பெண்ணுக்கு, வீட்டுக்குத் தெரியாமல் இன்னோர் ஆளை அறைக்குள் கூட்டி வந்துவிட்டது அந்தக் கம்பி.

ஏழு கம்பி கிடாரை 'அது ஒரு காலத்து ஃபேஷன்' என்று யாராவது சொன்னால் இன்றும் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். ஃபேஷனுக்கு வாங்கியவர்கள் ஃபேஷன் போனதும் விற்றார்கள். தேவைக்கு வாங்கியவர்கள் யாரும் விற்றதாக நான் கேள்விப்படவில்லை. ஒரு முறை அந்தக் கீழ் ஸ்வரங்களுக்குப் பழகிவிட்டால் ஆறு கம்பியைக் கையில் எடுக்கும்போது படிக்கட்டில் கடைசிப் படி இல்லாத மாதிரி கால் தடுமாறும். இப்போது பிள்ளைகள் எட்டு, ஒன்பது என்று ஏறிக்கொண்டே போகிறார்கள். அந்தப் பல்லாவரத்துப் பையன், இன்று தொப்பையும் சொட்டையுமாக இருக்கிறான், எட்டு கம்பியில் ஒன்று வாங்கலாமா என்று என்னிடமே யோசனை கேட்டான். வாங்கித் தொலை, இந்த முறையாவது விற்காதே என்றேன்.

அந்தக் கம்பி சென்னையில் தனியாகக் கிடைக்காது. கடையில் ஆறு கம்பி செட்டுதான் விற்பார்கள். அதனால் இருக்கிற ஒன்றைப் பொன் போலக் காப்பாற்றினேன். சத்தம் மங்கினால் கழற்றி வெந்நீரில் கொதிக்க வைத்துத் துடைத்து மாட்டுவேன். அழுக்கு போய்ப் பழையபடி கணீரென்று பேசும். ஒரு நாள் ரசம் வைக்கும் பாத்திரத்தில் கம்பி கொதித்துக்கொண்டிருந்ததை அம்மா பார்த்துவிட்டாள். அந்தப் பாத்திரத்தை அதற்குப் பிறகு அவள் அடுப்பில் ஏற்றவே இல்லை.

பையன் வீட்டார் அக்னி நட்சத்திரத்தில் பெண் பார்க்க வந்தார்கள். பையன் மறைமலை நகர்ப் பக்கம் ஒரு கார் கம்பெனியில் சூப்பர்வைசர். அவருக்கு அப்பா இல்லை. அம்மா பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கேசரியைக் கீழே வைத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"நிறைய ஜாதகம் வந்துச்சு. வீணைன்னு பார்த்ததும்தான் இதை எடுத்தேன். எனக்கு வீணைன்னா உசுரு. சின்ன வயசுல கத்துக்க ஆசை, குடுத்து வைக்கல. ஒரு பாட்டு வாசிம்மா."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அசரவே இல்லை.

"இந்த வெயில்ல மெழுகு இளகி மெட்டெல்லாம் நகர்ந்துடுச்சுங்க. சரி பண்ணக் குடுத்திருக்கோம்" என்றாள். வீணையில் கம்பிக்கு அடியில் வரிசையாக இருக்கும் மெட்டுகளை மெழுகில்தான் பதித்திருப்பார்கள் என்பதை எங்கிருந்து தெரிந்துகொண்டாளோ, மகராசி. அந்த ஒரு மெழுகில் எல்லாம் ஒட்டிக்கொண்டது. வந்தவர் முகம் மலர்ந்து, "ஆமாமா, வெயில் காலத்துல அப்படித்தான்" என்றார். மாப்பிள்ளை என்னைப் பார்த்துக் கூச்சமாகச் சிரித்தார். நல்ல மாதிரியாகத்தான் தெரிந்தார், அதுவே எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

ஆவணியில் கல்யாணம். சீர் வரிசையில், வெள்ளிக் குத்துவிளக்குக்கும் கிரைண்டருக்கும் நடுவில், அப்பா குற்ற உணர்ச்சியோடு வாங்கிய புத்தம் புது வீணை உட்கார்ந்திருந்தது. கிடாரை அம்மா பழைய பெட்ஷீட்டில் சுற்றி லாஃப்ட்டில் ஏற்றினாள்.

"அங்க இதை எடுத்துட்டுப் போகாதே. இது ஏதுன்னு கேட்பாங்க. அப்புறம் ஒண்ணொண்ணா வெளிய வரும். ஒரு வருஷம் போகட்டும், நானே மெதுவா பேச்செடுக்கிறேன்."

கூடுவாஞ்சேரியில் எங்கள் வீடு ஒரு புது லேஅவுட்டில் இருந்தது. பாதி மனைகளில் கல் மட்டும் நட்டிருக்கும். வீடு கட்டி வந்தவர்கள் இருபது குடும்பம் இருக்கலாம். எல்லாரும் எல்லாரையும் தெரிந்தவர்கள். கிரகப்பிரவேசத்துக்கு வந்த மாதிரி எல்லாரும் வந்து என் வீணையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். என் கணவர் கம்பெனியில் போய், 'என் மிஸஸ் வீணை ஆர்ட்டிஸ்ட்' என்று சொல்லி வைத்திருந்தார். ஒன்று, நான் வீணைக்காரி இல்லை என்று சொல்ல முடியாது. இரண்டு, நான் எதை வாசிப்பவளோ அதைக் கண்ணில் காட்ட முடியாது. நடுவில் மாட்டிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு மாமியார் கூடத்தில் வந்து உட்காருவார். "ஒரு பாட்டு வாசியேன்." முதல் வாரம் தலைவலி என்றேன். அடுத்த வாரம் தாலி பெருக்கிப் போடும் வரை வாசிக்கக்கூடாது என்று ஒரு சாஸ்திரத்தைச் சொந்தமாகக் கண்டுபிடித்தேன். அப்புறம் சுருதி கலைந்தது, கம்பி அறுந்தது, அந்தக் கம்பியை அறுத்ததும் நான்தான். ஐப்பசி, கார்த்திகை என்று சமாளித்தேன். அவர் ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. "பரவால்லம்மா, மெதுவா வாசி" என்பார். திட்டியிருந்தாலாவது பதிலுக்குக் கோபப்பட்டிருக்கலாம்.

மத்தியானங்களில் அவர் தூங்கும்போது கதவைச் சாத்திக்கொண்டு வீணையோடு மல்லுக்கட்டினேன். மெட்டு இருக்கிற வாத்தியம்தானே, காதும் இருக்கிறது என்று ஒரு தைரியம். இரண்டு மாதத்தில் சின்னப் பிள்ளைகள் வாசிக்கும் ஒரு கீதம் உருப்படியாக வந்தது. தை மாதம் முதல் வெள்ளியன்று அதை வாசித்தேன். மாமியார் கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார்.

"நான் ஒண்ணு கேட்பேன், சிரிக்கக்கூடாது. எனக்குச் சொல்லிக் குடுக்கிறியா? நவராத்திரிக்குள்ள ஒரு கீர்த்தனையாவது வாசிச்சிடணும்."

அறுபதை நெருங்கும் மனுஷி, கையைக் கட்டிக்கொண்டு மாணவி மாதிரி கேட்கிறார். முடியாது என்று எந்த வாயால் சொல்வது? சரி என்றேன். எனக்கு நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

பெருங்களத்தூரில் ஒரு மாடிப் போர்ஷனில் வீணை டீச்சர் ஒருவர் இருந்தார். திங்கள்கிழமை தோறும் அங்கே ஒரு மணி நேரம் கற்றுக்கொள்வேன். செவ்வாய்க்கிழமை அதையே, எட்டு வருஷ அனுபவத்தோடு, மாமியாருக்குச் சொல்லிக் கொடுப்பேன். திங்கள்கிழமை எங்கே போகிறாய் என்று கேட்டதற்கு, 'அம்மாவுக்கு முட்டி வலி, பார்த்துட்டு வரேன்' என்று சொல்லி வைத்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு திங்களும் என் கையில் ஒரு பாட்டில் முட்டித் தைலம் வந்தது. மாமியாரே வேப்பெண்ணெயும் ஓமமும் போட்டுக் காய்ச்சியது. அதை வீணை டீச்சருக்குக் கொடுத்தேன். சம்மணம் போட்டே உட்கார்ந்து பழுதான அவருடைய முட்டி நன்றாகத் தேறியது. பங்குனியில் ஒரு வளைகாப்பில், நான் போனில் சொல்லி வைத்திருந்தபடி, என் அம்மா மாமியாரைப் பார்த்ததும் சட்டென்று நொண்ட ஆரம்பித்தாள். கடைசிப் பந்தி வரை அதே காலில் நொண்டினாள் என்பதற்காக அவளைப் பாராட்டத்தான் வேண்டும்.

பெருங்களத்தூருக்கு அடுத்த ஸ்டேஷன் தாம்பரம். ஆறே நிமிஷம். அங்கே இறங்கி சேலையூருக்கு ஒரு பஸ் பிடித்தால் என் கிடார். ஆனால் நான்கு மணிக்குள் கூடுவாஞ்சேரிக்குத் திரும்ப வேண்டும், மாமியார் காபி போட்டு வைத்திருப்பார். வாராவாரம் பிளாட்பாரத்தில் நின்று தாம்பரம் போகிற வண்டியைப் பார்த்துவிட்டு, எதிர்த் திசை வண்டியில் ஏறுவேன். அம்மாவைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, அம்மாவையும் பார்க்கவில்லை, கிடாரையும் தொடவில்லை.

"இடது கைச் சுண்டு விரலை மடக்கு!" என்று டீச்சர் சத்தம் போடுவார். "மோதிர விரலையும்தான். அதுக்கெல்லாம் இங்க வேலை இல்லை. ரெண்டு விரல் போதும்." கிடாரில் நான்கு விரலும் நான்கு பக்கம் ஓடும். அகலமான கழுத்தில், கீழ்க் கம்பிக்கும் மேல் கம்பிக்கும் நடுவில் எட்டிப் பிடிக்கச் சுண்டு விரலை வருஷக்கணக்கில் வளைத்து நீட்டிப் பழக்கியிருந்தேன். இப்போது அதை மடித்து வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். வீணையைக் குறை சொல்லவில்லை. அது பெரிய வாத்தியம், நான்தான் அதற்குப் பொருத்தமில்லாத ஆள். சித்திரை வாக்கில் ஒரு நாள் பாத்திரம் தேய்க்கும்போது சுண்டு விரல் நுனியில் இருந்த காய்ப்பு தோலோடு உரிந்து வந்தது. கிடார் வாசித்து வாசித்து ஏறிய காய்ப்பு. அடியில் குழந்தைத் தோல் மாதிரி இளஞ்சிவப்பாக இருந்தது. குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதேன்.

மாமியார் இதற்குள் வீணையில் எங்கேயோ போய்விட்டார். நான் சமைக்கும் நேரமெல்லாம் அவர் வாசித்தார். வரிசைகள் முடிந்து, கீதம் முடிந்து, வர்ணத்துக்கு வந்துவிட்டார். வாரத்துக்கு ஒரு மணி நேரம் கற்கும் ஆசிரியை, தினமும் இரண்டு மணி நேரம் பயிற்சி செய்யும் மாணவியிடம் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பாள்? கேள்விகள் வர ஆரம்பித்தன. "இங்க கம்பியை எவ்வளவு இழுக்கணும்? இந்த ஸ்வரத்தை ஆட்டணுமா, நிறுத்தணுமா?" எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரே பதில்தான்: "அது அடுத்த வாரம், அத்தை."

புரட்டாசி பிறந்தது. நவராத்திரிக்கு இரண்டு வாரம் இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை ஏதோ கேட்டார், நான் வழக்கமான பதிலைச் சொன்னேன். அவர் மடியிலிருந்த வீணையை இறக்கி வைத்தார்.

"எல்லாம் அடுத்த வாரம், அடுத்த வாரம். எட்டு வருஷம் கத்துக்கிட்டவளுக்கு இது தெரியாதா? மாமியாருக்கு எதுக்கு முழுசா குடுக்கணும்னு நினைக்கிறே. கொஞ்சம் கொஞ்சமா எலும்பு போடற மாதிரி போடறே. நான் உனக்கு என்னம்மா குறை வெச்சேன்?"

சொல்லும்போதே அவர் குரல் உடைந்தது. பொய்க்காரி என்று சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன், அது உண்மை. கல்நெஞ்சக்காரி என்றால் எப்படித் தாங்குவது?

"அத்தை, எனக்கு வீணை தெரியாது."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எட்டு வருஷம் இல்லை, எட்டு மாசம். திங்கள்கிழமை நான் கத்துக்கறதைத்தான் செவ்வாய்க்கிழமை உங்களுக்குச் சொல்றேன். எனக்குத் தெரிஞ்சது கிடார். அதுலயும் ஏழு கம்பி. அம்மா அதை வீணைன்னு போட்டுட்டாங்க, நானும் சும்மா இருந்துட்டேன்."

எல்லாவற்றையும் கொட்டினேன். பயோடேட்டா, மெழுகு, சாஸ்திரம், அறுத்த கம்பி, பெருங்களத்தூர். கடைசியில் அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அப்போ உங்கம்மா முட்டி?"

"முட்டி நல்லாத்தான் இருக்கு, அத்தை."

அவருக்குக் கோபம் வந்தது அதற்குத்தான். "வாரா வாரம் அடுப்படியில வெந்து காய்ச்சினேனே!" என்று எழுந்து உள்ளே போனார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. தட்டில் சாதம் போடுவார், முகத்தைப் பார்க்க மாட்டார். மகனிடம் எதுவும் சொல்லவில்லை என்பது மட்டும் தெரிந்தது. என் கணவர் வழக்கம்போல வந்தார், சாப்பிட்டார், கிரிக்கெட் பார்த்தார்.

மூன்றாம் நாள் மத்தியானம் நான் அரிசி பார்த்துக்கொண்டிருந்தேன். மாமியார் வந்து எதிரில் உட்கார்ந்து அவரும் முறத்தில் கையை வைத்தார்.

"என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்போ, எங்கம்மா 'பொண்ணு நல்லா பாடுவா'ன்னு சொல்லிட்டாங்க. எனக்குச் சுத்தமா பாட வராது" என்றார், அரிசியைப் பார்த்தபடி. "முதல் நவராத்திரியிலேயே பாடச் சொன்னாங்க. தொண்டை கட்டியிருக்குன்னு சொன்னேன். அடுத்த வருஷமும் கட்டிக்கிச்சு. அப்புறம் அவரு போற வரைக்கும் என் தொண்டை சரியாகவே இல்லை."

"மாமாகிட்ட சொல்லவே இல்லையா?"

"எதுக்கு? டாக்டர்கிட்ட எல்லாம் கூட்டிட்டுப் போனாரு, பாவம். நல்லா பாடுற பொண்டாட்டி, தொண்டைதான் இப்படிப் படுத்துதுன்னு நினைச்சுட்டே போய்ட்டாரு." ஒரு கல்லைப் பொறுக்கித் தள்ளினார். "நீயும் சொல்லாதே. என் பையன்கிட்டகூட. ஊரெல்லாம் வீணை வீணைன்னு சொல்லி வெச்சிருக்கான். அப்படியே இருக்கட்டும். கொஞ்ச நாள் கஷ்டமா இருக்கும். அப்புறம் பழகிடும்."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். என் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்து போனார். நான் அரிசியை அப்படியே விட்டுவிட்டேன். முப்பது வருஷம் ஒரு மனுஷி தொண்டையைப் பிடித்துக்கொண்டே குடித்தனம் செய்திருக்கிறார். பழகியும் விட்டது. என் சுண்டு விரலைப் பார்த்தேன். அதுவும் ஏற்கனவே பழக ஆரம்பித்திருந்தது. இன்னும் ஒரு வருஷம் போனால் லாஃப்ட்டில் இருப்பதை இறக்கிக் கொடுத்தாலும் அதற்கு எதுவும் தெரியாது. அந்த வீட்டுக்கு வந்து ஒரு வருஷத்தில் எனக்கு உண்மையிலேயே மூச்சு முட்டியது அன்றுதான்.

அடுத்த திங்கள்கிழமை பெருங்களத்தூரில் இறங்கவில்லை. தாம்பரத்தில் இறங்கி சேலையூருக்குப் போனேன். ஸ்டூலைப் போட்டு ஏறி லாஃப்ட்டிலிருந்து கிடாரையும், டிபன் கேரியர் அளவே இருக்கும் என் ஆம்ப்ளிஃபையரையும் இறக்கினேன். "ஐயோ, குடி கெட்டுது, சொன்னா கேளுடி" என்று அம்மா பின்னாலேயே வாசல் வரை வந்தாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. கூடுவாஞ்சேரி ஸ்டேஷனில் ஷேர் ஆட்டோக்காரர், "இன்னா அக்கா, இவ்ளோ பெருசு வெச்சிக்கினு எங்க குந்துவ?" என்று கேட்டார். முன்னால் அவர் பக்கத்திலேயே குந்தினேன், கிடாரை நெட்டுக்குத்தலாகக் கட்டிப் பிடித்துக்கொண்டு.

எங்கள் தெருவில் இறங்கியபோது மூன்று மணி இருக்கும். மாமியார் கேட்டருகில் நின்று கீரைக்காரியிடம் பேசிக்கொண்டிருந்தார். பெட்ஷீட்டில் சுற்றிய உருவத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார். திட்டுவார், அல்லது அழுவார் என்று நினைத்தேன். இரண்டுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன். அவர் கீரைக்காரியை அனுப்பினார். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். என் முழங்கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைத் தாழ்போட்டார். பிறகு கூடத்து ஜன்னல், படுக்கை அறை ஜன்னல், அடுப்படி ஜன்னல் என்று ஒவ்வொன்றாகச் சாத்திக் கொக்கி மாட்டிவிட்டு வந்தார். ஃபேனை ஐந்தில் வைத்தார். புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு எனக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"வாசி" என்றார்.

கம்பியெல்லாம் துரு ஏறியிருந்தது. சுருதி சேர்க்கவே கால் மணி நேரம் ஆனது. விரல் நுனிகள் எரிந்தன. சுண்டு விரல் போக வேண்டிய இடத்துக்கெல்லாம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. ஆனாலும் கட்டை விரல் ஏழாவது கம்பியில் இறங்கியதும் அடுப்படி அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் கிணுகிணுவென்று அதிர்ந்தன. மாமியார் எழுந்து போய் அவற்றை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்காமல் தனித்தனியாகத் துணியில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"இது காதுல கேட்கல. வயித்துல கேட்குது" என்றார்.

நான் தலையைக்கூட ஆட்டாமல் வாசித்தேன். நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்று இருந்தது. வேர்வை கிடார் மேல் சொட்டியது. அப்போது யாரோ கதவைத் தட்டினார்கள். எதிர் வீட்டு அம்மாவின் குரல். மாமியார் கதவை ஒரு சாண் மட்டும் திறந்து, அந்தச் சாணையும் தன் உடம்பால் அடைத்துக்கொண்டு நின்றார்.

"என்ன சத்தம்? உங்க மருமகளா வாசிக்குது?"

"ஆமா, வீணைதான். புதுசா ஒண்ணு பழகுது."

"கம்பீரமா இருக்கே. ஏன் இந்த வெயில்ல எல்லாத்தையும் சாத்தி வெச்சிருக்கீங்க? ஜன்னலைத் திறங்க, நாங்களும் கேட்போம்ல?"

மாமியார் தொண்டையைப் பிடித்துக்கொண்டு நன்றாக இரண்டு முறை இருமினார். "எனக்குத் தொண்டை கட்டியிருக்கு. காத்து ஆகாது" என்றார்.

கதவைச் சாத்தித் தாழ்போட்டுவிட்டு வந்து பழையபடி உட்கார்ந்தார். போதுமா என்று என்னைக் கேட்டால், போதாது. எனக்கு அந்த ஜன்னல்கள் திறக்க வேண்டும், தெருவே கேட்க வேண்டும், என் கணவர் கம்பெனியில் போய்ச் சரியான பெயரைச் சொல்ல வேண்டும். அது நடக்க இன்னும் பல வருஷம் ஆயிற்று. அன்று இருந்தது இவ்வளவுதான்: சாத்திய வீடு, புழுக்கம், எதிரே ஒரே ஒரு ஆள்.

"என்ன பார்க்கிறே?" என்றார் அந்த ஆள். "அவன் வர அஞ்சரை ஆகும். வாசி."